கொடியை இறக்கச் சொன்னவன்

நம் மின்சார இலாகாவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

சுதந்திர தின மலருக்கு தேசபக்தியைப் பற்றி எழுதித் தரும்படி உங்களில் இரண்டு பேர் என் வீடு தேடி வந்தார்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த விஷயத்தில் இலாகாவே எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறது. தேசியக் கொடியை அவமதித்தவன் என்று டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, என் கையிலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று என்னிடமே கையெழுத்தும் வாங்கினார்கள். அப்படிப்பட்ட ஆளிடம் தேசபக்தி கேட்டு வந்திருக்கிறீர்கள். கேட்டது உங்கள் தலையெழுத்து, சொல்கிறேன்.

மின்கம்பத்தில் ஏறுவதையும் கம்பி இழுப்பதையும் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். நாலு பேர் சுற்றி நின்று கத்தும்போது என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதைக் காட்டித் தந்தவர் எங்கள் செக்‌ஷன் ஆபீசர். பெயர் சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தபோதே தன் பெயரை யாராவது மேடையில் சொன்னால் எழுந்து போய்விடுவார். வாயைத் திறந்தால் வசவுதான். மூக்குப்பொடி போடும் நேரம் மட்டும் கொஞ்சம் அமைதியாக இருப்பார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். மேகமலை எஸ்டேட்டுக்குப் போகும் லைன் அறுந்துவிட்டது. சின்னமனூரிலிருந்து அந்தக் கரடுமுரடான ரோட்டில் லாரியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். நாள் முழுக்க நனைந்து வேலையை முடித்தோம். பேக்டரியில் பறித்த இலை குவிந்து கெட்டுக்கொண்டிருந்தது. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. எங்கள் ஆபீசர் ஆட்களை எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது.

"எங்கேயாவது டீ குடிக்கப் போயிருப்பான் சார், போடுங்க" என்றார் மேனேஜர்.

ஆபீசர் பொடி டப்பாவைத் திறந்தார். "அவன் டீ குடிக்கிறத நான் கண்ணால பாத்தப்புறம் போடுறேன்."

மேனேஜர் குதித்தார். மேலிடத்துக்குப் போன் போடுவேன் என்றார். நாங்கள் மழையில் தேடினோம். ஆள் ஒரு தேயிலைச் செடிக்கு அடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் உள்பட எல்லோரும் சிரித்தோம். ஆபீசர் சிரிக்கவில்லை. லாரியில் இறங்கி வரும்போது என்னைப் பார்த்து, "தூங்கிக்கிட்டு இருந்தான், சரி. கம்பி மேல இருந்திருந்தா?" என்று கேட்டார்.  கேட்டுவிட்டு மறுபடி பொடி டப்பாவைத் திறந்தார்.

இனி அந்தச் சான்றிதழுக்கு, அதாவது என் மெமோவுக்கு வருகிறேன்.

அது எழுபதுகளின் தொடக்கம். நான் லைன் இன்ஸ்பெக்டர். சின்னமனூருக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும் நடுவில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊரில் இப்போதும் எனக்கு ஒரு வேளை சோறு கிடைக்கும், அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. இரண்டுக்கும் பொங்கலில் போட்டி, கபடியில் போட்டி, கல்யாண ஊர்வலத்தில் போட்டி. போட்டி போட வேறு ஒன்றும் மிச்சமில்லாத ஒரு வருடம் சுதந்திர தினத்திலும் போட்டி வந்துவிட்டது. கீழத்தெருக்காரர்கள் நீளமான சவுக்குக் கம்பை நட்டுக் கொடி ஏற்றினார்கள். மறுவருடம் அதைவிட உயரமாக ஏற்றியே தீருவது என்று மேலத்தெரு முடிவு செய்தது.

மேலத்தெருவுக்குப் பெரிய தலை தங்கராசு. திராட்சைத் தோட்டக்காரர், வியாபாரமும் உண்டு. நல்ல மனிதர். தோட்டத்து மோட்டாருக்காக வாங்கி வைத்திருந்த இரும்புப் பைப்புகளை ஒன்றோடொன்று இணைத்து, வெள்ளை பெயின்ட் அடித்து ஒரு கொடிக்கம்பம் தயார் செய்துவிட்டார். கீழத்தெரு சவுக்கு அதன் இடுப்புக்குக்கூட வராது. எங்கள் வயர்மேன் பரமன் முதல் நாள் மத்தியானம் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து, "அண்ணே, நம்ம ஹெச்.டி. லைனுக்குப் பக்கத்துல குழி வெட்டுறாக" என்றான்.

நான் போய்ப் பார்த்தேன். ஊருக்கு நடுவில் மந்தை என்கிற பொதுத்திடல். மந்தையின் ஓரமாகத்தான் தோட்டத்து மோட்டார்களுக்கெல்லாம் உயிர் கொடுக்கும் ஹை டென்ஷன் லைன் போகிறது. தொட்டால் பேச்சே கிடையாது. குழி எங்கே இருக்கிறதென்றால், பைப் சாய்ந்தால் நேராகக் கம்பி மேல்தான் விழும். அதுவோ ஆடி மாதக் கடைசி. கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக்காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மலைக்கணவாயிலிருந்து இறங்கி வந்து ஆளையே தள்ளிக்கொண்டு போகும். போதாக்குறைக்கு, பிள்ளைகள் நிற்கிற இடத்தில் தூசி பறக்கக் கூடாது என்று டிரம் டிரம்மாகத் தண்ணீர் தெளித்து மந்தையைச் சேறாக்கி வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஈரமண்ணில் வெறுங்காலோடு இரும்பைப் பிடித்துக்கொண்டு மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்பதைவிட ஆபத்து வேறு கிடையாது என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"அண்ணாச்சி, குழிய அந்தப் பக்கம் புளியமரத்துக்கிட்ட மாத்திருங்க" என்றேன்.

தங்கராசு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், வருசம் பூராம் கரண்டு இல்லேன்னு நாங்க ஒங்க ஆபீசு வாசல்ல வந்து நிக்கிறோம். அன்னைக்கெல்லாம் எட்டிப் பாக்காத ஆளு, கொடியேத்துற அன்னைக்கு மட்டும் ஓடி வர்றீகளே?"

"கொடிய வேண்டாங்கல. எடத்த மாத்துங்கங்கிறேன்."

"புளியமரத்துக்கிட்ட நட்டா மரம் மறைச்சிரும். எங்க ஆத்தாவுக்கு நடமாட்டமில்ல. வாசல்ல கட்டிலப் போட்டா அங்கன இருந்தே கொடி தெரியணும். எந்தம்பி எல்லையில நிக்கிறான் சார். போன சண்டையில அவன் இருக்கானா இல்லையான்னு தெரியாம எங்க ஆத்தா பச்சத்தண்ணி குடிக்காம கெடந்தா. அவ பாக்கட்டும்னுதான் இம்புட்டு ஒசரம். கீழத்தெருவுக்காகவா செய்றேன்?"

கீழத்தெருவுக்காகவும்தான் செய்தார். ஆனால் தாய்க்காகச் செய்ததும் பொய்யில்லை. மனிதர்கள் எதையும் ஒரே காரணத்துக்காகச் செய்வதில்லை.  ஆனாலும் நான் விடவில்லை. வாக்குவாதம் நீண்டது. கடைசியில் என்னைத் தொலைத்துத் தலைமுழுகினால் போதும் என்று, "சரி சார், தள்ளி நட்டுக்கிறோம், போய்ட்டு வாங்க" என்றார்.

அந்த 'சரி' எப்படிப்பட்ட சரி என்று எனக்குத் தெரியும். என் மனைவியும் என்னிடம் அப்படித்தான் சரி சொல்வாள்.

மறுநாள் காலை எங்கள் ஆபீசிலும் கொடியேற்றம். தேனியிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், எல்லோரும் வெள்ளைச் சட்டையில் வர வேண்டும், வராதவர்கள் காரணம் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை. எங்கள் செக்‌ஷன் ஆபீசர் கூட்டத்துக்காக மதுரை போயிருந்தார். யோசனை கேட்பதற்கு ஆளில்லை. நான் வெள்ளைச் சட்டையும் போட்டுவிட்டேன், கொடியும் குத்திக்கொண்டேன். சைக்கிளை ஆபீஸ் பக்கம் திருப்பினால் மனசு ஊர்ப் பக்கம் இழுக்கிறது. ஆபீசில் கொடிக்கு முன்னால் நிற்க ஆள் நிறைய இருந்தது. அந்த மந்தைக்கு முன்னால் நிற்க ஒரு ஆள்கூட இல்லை. சைக்கிளைத் திருப்பினேன்.

ஊருக்கு வெளியே தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு மின்கம்பத்தில் அந்த லைனுக்கான சுவிட்ச். கீழே இழுக்கும் கைப்பிடிக்குப் பூட்டு உண்டு, சாவி என்னிடம். பரமனும் நானும் அங்கே நின்றோம். மந்தை கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மைக் செட்டில் பாட்டு முழங்கியது. சிறப்பு விருந்தினர் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். ஆண்கள் பைப்பின் அடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பழைய குழியை நோக்கியே போனார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கையில் இழுவைக் கயிறு.

சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய காரியம் அது. போன் இருக்கிற இடத்துக்குப் போய் வருவதற்குள் பைப் எழும்பிவிடும். பூட்டைத் திறந்தேன், கைப்பிடியை இழுத்தேன். பாட்டு பாதியில் நின்றது. பரமனிடம் கம்பிகளை எர்த் செய்யச் சொன்னேன்; மண்ணோடு இணைத்துவிட்டால், தப்பிக் கரண்டு வந்தாலும் பூமிக்குள் போய்விடும். சுவிட்ச் திறந்திருக்கிறது, கரண்டு இல்லை என்ற ஒரே நம்பிக்கையில் யாருடைய உயிரையும் வைக்கக் கூடாது.

கரண்டு போனதை அவர்கள் வழக்கம்போலத்தான் எடுத்துக்கொண்டார்கள். கம்பத்தை நிமிர்த்தினார்கள். கொடி ஏறியது. உண்மையைச் சொல்கிறேன், அத்தனை உயரத்தில் ஆடிக்காற்றில் அது விரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தோப்போரத்தில் நின்றபடியே நானும் பரமனும் சல்யூட் அடித்தோம். விருந்தினர் மைக் இல்லாமல் தொண்டை கிழியப் பேசினார். காற்று அந்தப் பேச்சையெல்லாம் கீழத்தெருவுக்கு அடித்துக்கொண்டு போனது.

கூட்டம் முடிந்ததும் யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள். மொத்த மேலத்தெருவும் தோப்புக்கு வந்தது.

"ஏலே, இவந்தாண்டா அமத்துனது!"

"கரண்டக் குடுங்க சார்" என்றார் தங்கராசு. முகம் சிவந்திருந்தது.

"பைப்ப எறக்குங்க, குடுக்கிறேன்."

"கொடிய எறக்கச் சொல்றீகளா? இன்னைக்கா?"

அவ்வளவுதான். நான் சொன்ன 'பைப்' காற்றோடு போய்விட்டது, 'கொடி' மட்டும் நின்றது. தேசத்துரோகி என்றார்கள். வெள்ளைக்காரனுக்குப் பிறந்தவன் என்றார்கள். என் சட்டையில் நான் குத்தியிருந்த கொடியை ஒருவர் பிடுங்கிக்கொண்டார். விருந்தினர் என் பெயரையும் ஆபீசையும் கேட்டு எழுதிக்கொண்டு, "ஒம்மள வீட்டுக்கு அனுப்பாம விடமாட்டேன்" என்று காரில் ஏறினார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், வாடகை வீடு, என் ஒருவன் சம்பளம். பயந்தேனா என்றால் பயந்தேன். ஆனாலும் சாவியோடு சுவிட்ச் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பயத்தைவிடப் பெரிய தொல்லை சந்தேகம். கம்பம் நேராகத்தான் நின்றது. ஒருவேளை ஆறு மாதம் அப்படியே நிற்குமோ? நான்தான் இல்லாத பேயைப் பார்க்கிறேனோ? பரமன்கூட மெதுவாக, "அண்ணே, குடுத்துருவமா?" என்றான். கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு மாலைகூடப் போட்டிருப்பார்கள். ஆனால் சாயங்காலமோ மறுநாளோ அந்தக் கம்பத்தடியில் யார் விளையாடுவார்கள் என்று நினைத்தால் சாவி இருந்த கை இறுகிக்கொண்டது. நீங்களும் இப்படி ஒரு நாள் உட்காருவீர்கள். நீங்கள் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு உங்களை யாரும் பாராட்ட மாட்டார்கள், 'ஒன்றும்தான் நடக்கவில்லையே' என்று திட்டத்தான் செய்வார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் நம் வேலைக்கு ஆவார்கள்.

முட்டுக்கட்டையை உடைத்தது தேசபக்தியும் இல்லை, என் வாதத் திறமையும் இல்லை. மோட்டார். மத்தியான வெயில் ஏற ஏற வாழைக்காரர்களும் திராட்சைக்காரர்களும் இரண்டு தெருவிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் என்னைத்தான் வைதார்கள். நான் அசையவில்லை என்றதும் தங்கராசை வைய ஆரம்பித்தார்கள்.

"கொடி ஏத்தியாச்சு, சல்யூட்டு அடிச்சாச்சு, முட்டாயும் குடுத்தாச்சு. எறக்கித் தொலைங்கப்பா, தண்ணி பாயணும்!"

தங்கராசு மந்தைக்கு நடந்தார். கயிற்றை அவரே அவிழ்த்தார். கொடியைத் தரையில் படாமல் இறக்கி, மடித்து, கண்ணில் ஒற்றி, பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்தார். வாத்தியார் அதைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட முற்றத்து மூங்கிலில் ஏற்றினார். மிட்டாய் இன்னொரு தடவை கிடைக்குமோ என்று பிள்ளைகளும் பின்னாலேயே போய்விட்டார்கள். அன்றைக்குக் கடவுள் செய்த காரியம் அது என்று நினைத்துக்கொள்வேன்.

மந்தையில் பெரியவர்கள் மட்டும் பைப்பைச் சாய்க்க ஆரம்பித்தார்கள். நிமிர்த்துவதைவிட இறக்குவது கஷ்டம். மேலே கனம் இழுக்கும், கீழே பிடி நழுவும். பாதி சாய்ந்திருந்தபோது ஒரு காற்று வந்தது. ஒரு பக்கத்துக் கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. வெள்ளைப் பைப் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் கம்பிகளின் மேல் போய்ச் சாய்ந்து, அங்கேயே நின்றது.

சத்தம் வரவில்லை. பொறி பறக்கவில்லை. கம்பி ஊஞ்சல் மாதிரி ஆடியது, அவ்வளவுதான்.

பைப்பின் அடியை நாலைந்து பேர் அணைத்துப் பிடித்திருந்தார்கள். காலுக்கடியில் சேறு. நடுவில் தங்கராசு. யாரும் கையை எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை. எல்லோரும் தலையை நிமிர்த்திக் கம்பியைப் பார்த்தார்கள், பிறகு தோப்போரம் என்னைப் பார்த்தார்கள். தங்கராசு தன் இரண்டு கைகளையும் பைப்பிலிருந்து பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

விருந்தினர் சொன்னபடி செய்துவிட்டார். மெமோ வந்தது. கொடியை அவமதித்தது, அனுமதியில்லாமல் மின்சாரத்தை நிறுத்தியது, ஆபீஸ் கொடியேற்றத்துக்கு வராதது என்று மூன்று குற்றங்கள். தேனியில் விசாரணை. மதுரையிலிருந்து திரும்பிய எங்கள் ஆபீசர் என்னைக் கண்டதும், "கிறுக்கா, மொத நாளே சப்ஸ்டேஷனுக்கு ஒரு போனப் போட்டு வச்சிருந்தா இந்தக் கழுதையெல்லாம் வந்திருக்குமா?" என்று பிடிபிடியென்று பிடித்தார். நியாயமான வசவு, நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் விசாரணை அறைக்குள் போனதும், "நான் சொல்லித்தான் சார் இவன் அமத்தினான்" என்றார்.

"நீங்கள் அன்றைக்கு மதுரையில் இருந்தீர்களே?" என்று பெரிய அதிகாரி கேட்டார்.

"ஆமா சார். இது மேகமலையிலேயே சொன்னது."

அதிகாரிக்குப் புரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சாட்சிக்கு வந்திருந்த தங்கராசைக் கூப்பிட்டார்கள்.

"இவர் கொடியை இறக்கச் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாருங்க. அவரு சொல்லாட்டி, இங்கன வந்து நிக்கிறதுக்கு நான் இல்லைங்க."

கொடிக் குற்றம் போனது. மின்சாரக் குற்றமும் அறிவுரையோடு போனது. கொடியேற்றத்துக்கு வராததற்கு மட்டும் ஓர் எச்சரிக்கை நின்றது. ஓய்வு பெறும்வரை என் சர்வீசில் இருந்த ஒரே கறை அதுதான். அதை எடுக்கச் சொல்லி நான் மனுப் போடவில்லை. வராதது உண்மைதானே.

கொடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பிகளா. நானும் ஒவ்வொரு வருடமும் குத்திக்கொள்கிறேன், அது பறக்கும்போது எனக்கும் நெஞ்சு விம்மத்தான் செய்கிறது. ஆனால் அது ஒரு காலையோடு முடிந்துவிடுகிற சுலபமான பகுதி. நம்மை யாரென்றே தெரியாத ஒருவர், நம்மை வைதுகொண்டே இருக்கிற ஒருவர், சாயங்காலம் முழுசாக வீடு போய்ச் சேர வேண்டும் என்று நாம் நம் வேலையில் நிற்கிறோமே, அதுதான் கஷ்டமான பகுதி. என் அனுபவத்தில் தேசபக்தி என்பது அதற்குத்தான் பெயர்.

விசாரணை முடிந்து பஸ் ஏறப் போனவனைத் தங்கராசு விடவில்லை. ஊருக்கு இழுத்துக்கொண்டு போய் வீட்டில் இலை போட்டார். அவருடைய தாயார் வாசல் கட்டிலில் கிடந்தார். ஒட்டி உலர்ந்த உடம்பு, பார்வை மட்டும் கூர்மை. அங்கிருந்து பார்த்தால் தென்னை மட்டைகளும் வானமும்தான். அரைநாள் பறந்த கொடி அந்த இடைவெளியில்தான் தெரிந்திருக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஆத்தா, நீங்க பாக்கணும்னுதான் ஒங்க மகன் அம்புட்டு ஒசரமா நட்டாரு. நான்தான் அரை நாள்ல எறக்க வச்சுட்டேன்."

அந்த அம்மாள் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"போப்பா. ஒருத்தன நாட்டுக்குக் குடுத்துட்டுப் படுத்திருக்கேன். இன்னொருத்தன அன்னைக்கி நாடு எனக்குத் திருப்பிக் குடுத்துச்சு. ஒக்காரு, சோறு ஆறுது."